சுத்தமான இடக்கை

என் மகளின் இடது கை சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

ஆறு வயதுப் பிள்ளை கை அழுக்காகாமல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வேறு எந்த அப்பனும் சந்தோஷப்படுவான். நான் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இடக்கைக்காரி. வலக்கையால் எழுதுகிறவர்களுக்குக் கை முன்னே போகும், எழுத்து பின்னே தங்கும். இடக்கைக்காரர்களுக்கு எழுத்துக்குப் பின்னாலேயே கை வரும், எழுதினதன் மேலேயே உராய்ந்துகொண்டு. பென்சில் கரியெல்லாம் சுண்டுவிரல் ஓரத்தில் ஏறிவிடும். முதல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து சாயங்காலம் அவள் கையைக் கழுவிவிடுவது என் பொறுப்பு. சுண்டுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அடுப்புக்கரி பூசினாற்போல் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ரேகைகளுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அன்றைக்குத் தேய்க்க ஒன்றுமே இல்லை.

"இன்னைக்கு ஸ்கூல்ல எழுதலையா?"

"எழுதினேனே. ரெண்டு பக்கம்."

"எந்தக் கையில?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தாள். "என் கையிலதான்," என்றாள்.

நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதகன். ஊரார் பாஷையில் செக்கர். பதினான்கு வருட சர்வீஸ். "எங்கே ஏறினீங்க?" என்று கேட்டால் "பஸ் ஸ்டாப்லதான்" என்று பதில் சொல்கிறவன் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான். பொய் சொல்கிறவர்கள் முழுப் பொய் சொல்வதில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். என் வீட்டுக் குழாயடியில் என் மகளே அப்படித் திரும்பிக்கொண்டு நிற்பாள் என்று நான் நினைத்ததில்லை.

அவளை வீட்டில் மிளகு என்போம். ஆள் சின்னது, காரம் அதிகம். அந்தக் காரம் என்னிடமிருந்துதான் போயிருக்கிறது என்பாள் என் மனைவி. இருக்கட்டும். காரம் இல்லாதவனைத்தான் இந்த உலகம் தலையில் குட்டுகிறது.

என்னைக் குட்டினார்கள். நானும் பிறவி இடக்கைக்காரன்தான். முதல் வகுப்பில் என் வாத்தியார் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "உன் இடது கைய அடியில வெச்சு மேல உக்காரு" என்றார். அவ்வளவுதான். ஒரு வருடம் முழுக்க என் கையின் மேல் நானே உட்கார்ந்திருந்தேன். மரத்துப்போன கையை மணி அடித்ததும் உதறிக்கொண்டே வீட்டுக்குப் போவேன். வலக்கையால் எழுதப் பழகினேன். பழகினேன் என்றால், இன்றைக்கும் என் ரிப்போர்ட்டை டெப்போ குமாஸ்தா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இத எழுதினது நீங்களா, கோழியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிற அளவுக்கு. இன்னொரு பாக்கியும் உண்டு. எனக்கு மேலே இருப்பவர் யாராவது என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டால், என் இடது கை எனக்குத் தெரியாமலே தொடைக்கு அடியில் போய்விடும்.

மிளகு மூன்று வயதில் சாக்பீஸை இடக்கையில் எடுத்துத் தரையில் கிறுக்கிய அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். இந்தக் கை மேல் எவனும் உட்கார முடியாது. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் முடியாது.

இப்போது யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். யார் என்பதுதான் கேள்வி.

"ஏங்க, கை அழுக்கா இருந்தா திட்டுற அப்பாவப் பாத்திருக்கேன். சுத்தமா இருக்குன்னு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிற அப்பாவ இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் என் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊசியும் குப்பியுமாக நின்றுவிட்டு, ஆறு மணிக்கு மேல்தான் வருவாள்.

"அவள யாரோ வலது கையில எழுத வைக்கிறாங்க."

"பார்த்தீங்களா?"

"பாக்க வேணாம். தெரியும்."

"யூனிஃபார்ம கழட்டி மாட்டின பிறகாவது அந்த செக்கர் புத்தியயும் சேத்து மாட்டுங்களேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேலேயும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஒளிப்பானேன்.

சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் வகுப்பு மிஸ். இரண்டாவது ஆள் என் மச்சான். மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் மிளகை அவர்தான் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் வைத்திருப்பார். ஐந்தே முக்காலுக்கு டியூட்டி முடிந்து நான் போய் அழைத்துவருவேன். மச்சான் நல்லவர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. அவள் சாக்பீஸை இடக்கையில் எடுத்த அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர், "என்ன மாப்ள, புள்ள நொட்டாங்கையா? சோத்துக்கைய சாப்பிட மட்டும் வெச்சிருக்காளா?" என்று சிரித்தார். அதற்காக நான் ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. அவர் மறந்திருப்பார். நான் மறக்கிற ஜாதி இல்லை.

மறுநாள் காலையிலேயே மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். அந்தப் பள்ளிக்கு நான் புதியவன் இல்லை. போன பருவத்தில் ஒரு பையன் வரிசையில் மிளகைத் தள்ளிவிட்டான் என்று கேள்விப்பட்டு, வகுப்பு வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் மேல் மாடி வகுப்பெல்லாம் எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் ஒரு பயல் அவள் பக்கம் வரவில்லை. அப்பன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

மிஸ் சின்ன வயது. மேஜை மேல் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தினாள்.

"என் பொண்ணு இடக்கைக்காரி. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதனாலதான் பெஞ்சுல இடது ஓரத்துல உக்கார வெச்சிருக்கேன்."

"ஓரத்துலயா? ஏன், ஒதுக்கி வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்ல சார். நடுவுல உக்காந்தா பக்கத்துப் பிள்ளையோட முழங்கை இடிக்கும். ஓரம்னா அவளுக்கு வசதி. அப்புறம் நீங்க வீட்லேர்ந்து குடுத்தனுப்பினீங்களே, அந்த..."

"வீட்டப் பத்தி நீங்க பேச வேணாம்," என்றேன். "வீடு என் பொறுப்பு. வகுப்புல அவ கைய யாராவது மாத்த நெனச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்கிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் குறைவதில்லை, கூடத்தான் செய்யும். ஆனாலும் அந்த முகத்தில் மாட்டிக்கொண்டவளின் பயம் இல்லை. என்னை மாதிரி ஆளிடம் மாட்டிக்கொண்டோமே என்கிற பயம்தான் இருந்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மற்றப் பெயரைப் பார்த்தேன்.

இரண்டாவது தடயம் அந்த வெள்ளிக்கிழமை கிடைத்தது. கை வழக்கம்போல் சுத்தம். ஆனால் இடது மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. வளையல் தடம் இல்லை, அவள் வளையல் போடுவதில்லை. கட்டின தடம்.

"இது என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா."

"யாராவது கையக் கட்டினாங்களா?"

"இல்லப்பா." கையை வெடுக்கென்று இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான் குழாயை நிறுத்தக்கூட மறந்து நின்றேன். என்னை வாத்தியார் கையின் மேல் உட்காரத்தான் வைத்தார். இவளுக்குக் கட்டே போடுகிறார்கள்.

சனிக்கிழமை அவள் பையைச் சோதனை போட்டேன். ஆமாம், ஆறு வயதுப் பிள்ளையின் புத்தகப் பையைத்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. நோட்டுகளுக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் யாருடைய விண்ணப்பமோ பாதி நகலாகி, கறுப்புக் கோடு விழுந்து வீணாகியிருந்தது. மச்சான் கடைத் தாள்தான், சந்தேகமே இல்லை. மறுபக்கம் பென்சிலில் வரிசையாக எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் ஆடிக்கொண்டு நின்றது. சுழி ஒரு பக்கம் வீங்கி, கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. பழக்கமில்லாத கை எழுதின எழுத்து. அதை எனக்குத் தெரியாதா? ஒரு வருடம் நான் எழுதின எழுத்தல்லவா அது. அடியில் சிவப்புப் பென்சிலில் பத்துக்கு மூன்று மார்க் வேறு.

சுத்தமான கை. மணிக்கட்டில் கட்டின தடம். கோணல் எழுத்து. பேருந்தில் இதில் பாதி ஆதாரம் இருந்தால் ஆளை இறக்கிவிட்டிருப்பேன்.

மனைவியிடம் தாளைக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது மிளகு எழுத்து மாதிரியே இல்லையே," என்றாள்.

"எப்படி இருக்கும்? வலது கையில எழுதினது."

"என் அண்ணன் அப்படிப் பண்ணாதுங்க."

"உங்க அண்ணன் சிரிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி சிரிச்சதுக்கு இன்னும் கேஸ் நடத்துறீங்களா?" என்றாள். ஆனால் அவள் குரலிலும் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. "ஒரு வார்த்தை அண்ணன்கிட்ட நேரா கேட்டுடுங்களேன்."

நேராகக் கேட்டால் யார் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் மருந்துக் கடையில் போய் நின்றேன். சும்மா நிற்கக் கூடாதே என்று இருமல் மருந்து ஒன்று வாங்கினேன். மருந்துக் கடைக்காரர், "சளி இருக்கா, வறட்டு இருமலா?" என்று கேட்டார். "ரெண்டும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

மூன்று நாற்பதுக்கு மச்சான் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடித்துக்கொண்டு மிளகு குதித்து வந்தாள். கடைக்குள் இரண்டு இயந்திரங்கள், பேனா அடுக்கிய கண்ணாடி மேடை, அதற்குப் பின்னால் ஒரு குட்டி மேஜை, ஸ்டூல். அவள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். மேஜை மேல் பழுப்பு நாடாவைச் சாய்வாக ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். கை தாண்டக் கூடாத எல்லை என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தார். அவள் இடது கையை நீட்டினாள். பழக்கப்பட்டவள் மாதிரி, தானாகவே நீட்டினாள். அவர் அந்தக் கையைச் சாம்பல் நிறத் துணியால் சுற்றினார். தாள் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை எடுத்து மணிக்கட்டில் மாட்டினார்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. தெருவை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு சைக்கிள்காரர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று பிறகு மருந்துக் கடைக்காரர் சொன்னார்.

"கட்டா போடுற? என் பொண்ணு கையில கட்டா போடுற?"

சான்றிதழ் நகல் எடுக்க வந்திருந்த ஒரு பெண்மணி தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். நான் மேடையின் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். மிளகின் கையைப் பிடித்து, அந்தத் துணியைப் பிய்த்து இழுத்தேன். ரப்பர் பேண்டு அறுந்து அவள் மணிக்கட்டிலேயே சுளீரென்று அடித்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, அவசர அவசரமாக வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்பா, நான் இந்தக் கையிலயே எழுதிடறேன். மாமாவத் திட்டாதீங்கப்பா."

கடையில் ஓர் இயந்திரம் மட்டும் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மச்சான் போய் அதை நிறுத்தினார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. தப்புச் செய்தவன் சத்தம் போடுவான்.

"மாப்ள, உங்க கையில என்ன இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். பழைய காலுறை. பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வெளியே வரும்படி ஓரத்தைச் சுருட்டிக் கைத்தையல் போட்டிருந்தது. கடைசி இரண்டு விரலும் உள்ளங்கை ஓரமும் மட்டும் மூடியிருக்கும். அந்த ஓரம் முழுக்கப் பென்சில் கரி. கறுத்து, மினுமினுவென்று வழுக்கிக்கொண்டிருந்தது. வலக்கையால் எழுதுகிற பிள்ளையின் இடக்கையில் கரி ஏறாது. இது எழுதின கை. இடது கை.

"வகுப்புல இவளுக்குக் கரிக்கைன்னு பேரு வெச்சிருக்காங்க," என்றார் மச்சான். "நோட்டெல்லாம் கரி தீத்திக்குதுன்னு அழுதா. அழியாம எழுதணும்னா எங்க இடிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் சோத்துக்கைக்காரன். அதான் நானே நொட்டாங்கையில எழுதிப் பாத்தேன்." இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேடை மேல் போட்டார். எல்லாம் வீணான நகல்கள். பின்பக்கம் முழுக்க அந்தக் கோணல் எழுத்து. "பத்து நாள் எழுதினேன் மாப்ள. பேப்பர நேரா வெச்சா கை எழுத்து மேலேயே வருது. வலது பக்கமாச் சாய்ச்சு வெச்சா கொஞ்சம் கீழ எறங்கிக்குது. அதுக்குத்தான் அந்த நாடா. அப்படியும் கொஞ்சம் படும். அதுக்குத்தான் காலுறை. ஜோடியில இன்னொண்ணு ஸ்கூலுக்கு, அவ பென்சில் டப்பாவுல இருக்கு. துவைச்ச காலுறைதான், பயப்படாதீங்க."

"மூணு மார்க்கு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"உங்க பொண்ணு எனக்குப் போட்டது. மொதல் நாள். அப்புறம் ஏழு வரைக்கும் வாங்கியிருக்கேன்."

"இத ஏன் மச்சான் என்கிட்ட சொல்லல?"

அவர் மிளகைப் பார்த்தார். மிளகு மேஜையைப் பார்த்தாள். "அவ சத்தியம் வாங்கிட்டா," என்றார். "அப்பாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூலுக்கு வந்து கத்துவாராம். போன தடவ நீங்க வந்து கத்துனதுக்கப்புறம் அவகூட விளையாட யாரும் வர்றதில்லையாம். ஒரு பயல் பக்கத்துல வர்றதில்லையாம் மாப்ள."

அதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. காலுறையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இருமல் மருந்தை மருந்துக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

உண்மை தெரிந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. அன்று சாயங்காலம் மிளகு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். பென்சில் வலது கையில் இருந்தது.

"இடது கையில எழுதுடா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பரவாயில்லப்பா. இதுலயே வருது."

வரவில்லை. சுழி வீங்கிக்கொண்டும் கால் இழுத்துக்கொண்டும் போனது. நான் கெஞ்சினேன், பென்சிலை நானே இடது கையில் வைத்தேன். நான் திரும்பினதும் அது வலது கைக்குப் போய்விடும். செவ்வாயும் அப்படி, புதனும் அப்படி. மனைவி அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள், "இந்தக் கையில எழுதினா வீட்ல சண்டை வராதாம். அவளே முடிவு பண்ணிட்டா."

வியாழக்கிழமை நான் கூடத்துக்குள் நுழைந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கையைத் தேடினேன். தொடைக்கு அடியில் இருந்தது.

அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வாத்தியார் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. நான் உட்காருவதைத்தான் அவள் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பள்ளிக் குறிப்பேட்டில் மிஸ் எழுதியிருந்தாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் பெற்றோர் வந்து பார்க்கவும் என்று. போனேன். இந்தத் தடவை அவள் நோட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"சார், நாலு நாளா உங்க பொண்ணு வலது கையில எழுதுறா. அந்தத் துணி உறையும் போட்டுக்கிட்டு வர்றதில்ல. அது நீங்க வீட்ல தெச்சுக் குடுத்ததுன்னு நெனச்சேன். ரொம்ப நல்ல யோசனைன்னு அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க விடல." குரலைத் தாழ்த்தி, நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். வீட்ல அவள யாராவது மிரட்டுறாங்களா?"

பேருந்தில் நான் கேட்கிற கேள்வி மாதிரியே இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள எனக்கும் தோன்றியது. குனிந்து பார்த்தேன். என் இடது கை தொடைக்கு அடியில் இருந்தது. அதை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"ஆமா மிஸ்," என்றேன். "நான்தான்."

அங்கிருந்து நேராக மச்சான் கடைக்குப் போனேன். அவர் ஏதோ புத்தகத்தைக் கவிழ்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலு நாளாக அவரிடம் நான் பேசவில்லை. அதற்கு முந்தின மாதிரி கோபத்தினால் இல்லை, முகத்தில் முழிக்க முடியாததினால்.

"மச்சான், நான் பண்ணினது தப்பு."

"பக்கம் நாப்பத்தி ரெண்டு," என்றார் அவர், புத்தகத்தைப் பார்த்து.

"என் கை அளவுக்கு ஒரு காலுறை வேணும் மச்சான்."

அவர் மூடியைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். வெளிச்சம் அவர் முகத்தில் ஓடிப் போனது. என் இடது கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் ஷூவைக் கழற்றி, போட்டிருந்த காலுறையையே உருவினார்.

"இது துவைச்சதில்ல மாப்ள," என்றார். "உங்களுக்கு இது போதும்."

பள்ளி விடுகிற நேரத்துக்கு மச்சான் கிளம்பிப் போனார். நான் அந்தக் குட்டி ஸ்டூலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்த நாறுகிற காலுறையின் பாதத்தை வெட்டி இடது கையில் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு வீணான தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தேன். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தக் கை பென்சிலைத் தொடுகிறது. வண்டி எண், தேதி, நேரம் என்று தினமும் எழுதுகிறதைத்தான் எழுதப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே முனை தாளைக் குத்திக் கிழித்தது.

மிளகு வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைக் கடையில் பார்த்ததும் அவள் மாமாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். நான் எழுந்திருக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வரியும் கோணல், மூன்றாவதும் கோணல்.

கொஞ்ச நேரம் கழித்து என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"பேப்பர நேரா வெச்சா வராதுப்பா," என்றாள். நாடாக் கோட்டுக்குச் சரியாகத் தாளைச் சாய்த்து வைத்தாள். "இவ்ளோ அழுத்தக் கூடாது. இவ்ளோ கிட்டப் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் மேல பிடிங்க. ஐய, அப்படி இல்ல."

"எப்படி?"

"குடுங்க."

பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கி, குனிந்து ஒரு வரி எழுதினாள். இடது கையில்தான் எழுதினாள். பதினான்கு வருடமாகக் கைகளையே பார்த்துப் பிழைக்கிறவன் நான், அந்தக் கையைப் பார்க்காதவன் மாதிரித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்கு அந்தப் பக்கம் மச்சானும் இயந்திரத்தில் தாள் போடுகிறவர் மாதிரிக் காலித் தட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்துப் பென்சிலை என்னிடம் நீட்டினாள். சுண்டுவிரல் ஓரத்தில் கரி ஏறியிருந்தது.

"இப்ப நீங்க எழுதுங்க."

"தப்பாத்தான்டா வரும்."

"வந்தா என்ன, அழிச்சுக்கலாம்," என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "பயப்படாதீங்கப்பா. நான் கத்த மாட்டேன்."